கிரீன்லாந்துப் புழுவும் வெள்ளாற்றுச் சேறும்

துறைமுகமோ அனல்மின் நிலையமோ வரப்போகிறது என்றால் அந்தக் கடற்கரைக்கு ஒரு சுற்றுச்சூழல் அறிக்கை தயாராகும். அதன் கடைசிப் பக்கங்களில், கடலடிச் சேற்றில் என்னென்ன உயிர்கள் கிடைத்தன என்று பட்டியல் போட்டிருப்பார்கள். பாலிகீட் புழுக்கள் என்ற தலைப்பின் கீழே பார்த்தால் கேப்பிடெல்லா கேப்பிடேட்டா என்ற பெயர் அநேகமாக இருக்கும். மெலிந்த, சிவப்பான, சிறிய புழு. சேறு அழுகி ஆக்சிஜன் குறைந்த இடத்தில் மற்றவை செத்தொழிய, இது மட்டும் பெருகும். அதனால் இதைக் கண்டால் அங்கே மாசு இருக்கிறது என்று முடிவுகட்டுவது உலகெங்கும் வழக்கம்.

அந்தப் பெயரைக் கொண்ட புழு 1780இல் விவரிக்கப்பட்டது. விவரித்தவர் ஓட்டோ ஃபாப்ரீசியஸ். அவர் எழுதியது கிரீன்லாந்தின் விலங்குகளைப் பற்றிய நூல். பனிப்பாளம் மிதக்கும் கரையில் வாழ்கிற புழு, சித்திரை வெயிலில் காய்கிற வங்கக் கடற்கரைக் கழிமுகத்திலும் அதே புழுவாக இருக்குமா என்று அறிக்கை எழுதுகிறவர் கேட்பதில்லை. கேட்டால் அறிக்கை முடியாது.

1969இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கரையில், வெஸ்ட் ஃபால்மத் என்ற ஊருக்கு அருகே, எண்ணெய் ஏற்றிய மிதவைக் கப்பல் ஒன்று தரைதட்டியது. எண்ணெய் ஊறிய சேற்றில் கேப்பிடெல்லா பெருகியது. அதை ஆராய்ந்த ஜூடித் கிராசல், ஃபிரெடெரிக் கிராசல் இருவரும் 1976இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரே இனம் என்று எல்லோரும் நினைத்திருந்ததற்குள் ஆறு இனங்கள் இருந்தன. உடலமைப்பில் ஏறக்குறைய ஒன்றுதான். புரதங்கள் வேறு, முட்டையின் அளவு வேறு, இளம்புழு வளரும் விதம் வேறு. அந்த ஆறில் ஒன்றுக்குக் கேப்பிடெல்லா டெலெட்டா என்று முறையான பெயர் கிடைக்க 2009 ஆகிவிட்டது. அதே ஆண்டில் ஜேம்ஸ் பிளேக் கிரீன்லாந்துப் புழுவை மறுபடி விவரித்து, பழைய பெயருக்கு ஒரு புதிய ஆதார மாதிரியையும் நிறுவினார். இன்ன பெயர் இன்ன புழுவுக்கு என்று தெளிவாகிவிட்டது. நம் அறிக்கைகளில் மட்டும் கிரீன்லாந்துப் புழு இன்னும் ஊர்ந்துகொண்டிருக்கிறது.

இப்படிப்பட்ட பெயர்களைப் போடுவதும், போட்டவற்றைச் சந்தேகிப்பதும்தான் என் பிழைப்பு. பரங்கிப்பேட்டைப் பக்கம், வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்தைச் சுற்றியே பெரும்பாலும் வேலை. கடலில் வாழும் வளைதசைப் புழுக்களில் பெரும்பகுதி பாலிகீட்டுகள். இதுவரை பெயரிடப்பட்டவை மட்டும் 11,000-ஐத் தாண்டும். உடலின் ஒவ்வொரு கண்டத்திலும் இரு பக்கமும் சதைக்கால்கள், அவற்றில் கொத்துக் கொத்தாக நுண்முட்கள். பள்ளிக்கூடத்தில் நீரிஸ் என்று படம் வரைந்திருப்பீர்களே, அந்தக் கூட்டம்.

புழுவை அடையாளம் காண உதவும் ஏட்டுக்கு நாங்கள் ‘கீ’ என்போம். இரண்டு இரண்டாகக் கேள்விகள். தலையில் உணர்கொம்பு உண்டா, இல்லையா? உண்டென்றால் 5-க்குப் போ, இல்லையென்றால் 12-க்குப் போ. செவுள் முதல் கண்டத்திலிருந்தே தொடங்குகிறதா, பின்னால் தொடங்குகிறதா? இப்படியே இறங்கினால் கடைசியில் ஒரு பெயரில் போய் நிற்கும். நிற்காமல் இருக்கவே இருக்காது, தொல்லையே அதுதான். வழி கேட்டால் ‘தெரியாது’ என்று சொல்ல மனம் வராத ஊர்க்காரர் மாதிரி, கீ ஏதாவது ஒரு பக்கம் கையைக் காட்டியே தீரும். கையில் இருக்கும் புழு அந்தப் புத்தகத்திலேயே இல்லாத புழு என்றாலும், அதற்குக் கொஞ்சம் கிட்டத்தில் இருக்கிற ஏதோ ஒரு பெயரில் கொண்டுபோய் விட்டுவிடும். சேர்ந்த புதிதில் மாணவர்கள் பெயர் கிடைத்ததும் மகிழ்ச்சியாக ஓடிவருவார்கள். “சார், கீ-யில் வந்துடுச்சு.” வரத்தான் செய்யும். வந்த பிறகுதான் வேலை தொடங்குகிறது என்று அவர்களுக்குப் புரியவைக்க ஒரு பருவம் போய்விடும்.

சேற்றில் இறங்குவதிலிருந்து சொல்கிறேன். வற்றம் பார்த்துப் போக வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் தண்ணீர் நன்றாக விலகும். அப்போதுதான் மற்ற நாளில் முழுகிக் கிடக்கிற சேற்றுத்திட்டு தலைகாட்டும். பெரிய புழுக்களுக்கு மண்வெட்டி போதும். சிறியவற்றுக்குச் சேற்றை அள்ளி அரை மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் கழுவ வேண்டும். கண் பெரிய சல்லடை என்றால் கழுவுவது சீக்கிரம் முடியும். சின்னப் புழு எல்லாம் தண்ணீரோடு போய்விடும். பட்டியலில் பெரிய புழுக்களே இருக்கிற அறிக்கையைப் பார்த்தால் சல்லடையின் கண் எனக்குத் தெரிந்துவிடும்.

பெரிய புழு எங்கே கிடைக்கும் என்று எங்களைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் கழிமுகத்தில் கையால் இறாலும் நண்டும் பிடிக்கிற பெண்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் இறால் குஞ்சுப் பொரிப்பகங்கள் வந்த பிறகு புழுவுக்கும் விலை வந்துவிட்டது. தாய் இறாலின் சினைப்பை முதிர்வதற்குத் தேவையான கொழுப்பு அமிலங்கள் இந்தப் புழுவில் நிறைய. கணவாயும் மட்டியும் கொடுத்தாலும் பாலிகீட் இல்லாமல் தாய் இறால் சரியாகச் சினை பிடிப்பதில்லை என்பார்கள் பொரிப்பகத்துக்காரர்கள். அவர்களுக்குத் தேவை நீளமான, கொழுத்த புழு. எனக்கோ எல்லா அளவிலும் வேண்டும். “சின்னதெல்லாம் எதுக்கு தம்பி? நாலு நாள் விட்டா வளருமே” என்று ஓர் அக்கா கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் தனியாக ஒரு டப்பாவில் போட்டுக் கொடுப்பார். சின்னது எதற்கு என்பதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன், அது இந்தத் தொழிலின் மையமான விஷயம்.

பிடித்த புழுவை அப்படியே ஃபார்மலினில் போட்டால் கெட்டது. வலியில் சுருண்டு, துண்டுதுண்டாக உடைந்து போகும். மார்ஃபைசா என்ற பேரினத்தின் நீளமான புழு முழுதாகக் கிடைப்பதே அபூர்வம். அதையும் உடைத்துவிட்டால் பிறகு பார்க்க ஒன்றுமிருக்காது. மெக்னீசியம் குளோரைடு கரைசலில் முதலில் மயங்க விட வேண்டும். நல்ல தண்ணீரில் ஏழு சதவீத அளவுக்குக் கரைத்து, அதைக் கடல்நீரோடு கலந்து வைத்தால் போதும். தொட்டால் அசையாத நிலை வந்த பிறகு, மரபணு ஆய்வுக்காக ஒரு சிறு துண்டை வெட்டி நேராகச் செறிந்த எத்தனாலில் போட்டுவிட்டு, மீதியைக் கடல்நீர் கலந்த ஃபார்மலினில் நிமிர்த்திக் கிடத்த வேண்டும். இந்த வரிசை மாறக்கூடாது. ஃபார்மலின் பட்ட சதையிலிருந்து மரபணுவைப் படிப்பது பெரும்பாடு. சில நாள் கழித்துக் கழுவி எழுபது சதவீத ஆல்கஹாலுக்கு மாற்றுவோம். மார்ஃபைசா உயிரோடு இருக்கும்போது முன்பகுதி செம்பழுப்பாக, வெளிச்சம் பட்டால் வானவில் நிறம் ஓட, செவுள்கள் ரத்தச் சிவப்பாகத் துடிக்கும். ஆல்கஹாலில் அத்தனை நிறமும் போய் வெளுத்துவிடும். அதனால் குறிப்பேட்டில் நிறத்தை அப்போதே எழுதாதவன் மறுநாள் எழுத முடியாது.

நீரிஸ் குடும்பத்துப் புழுக்களுக்கு இன்னொரு வித்தை வேண்டும். அவற்றின் தொண்டை வெளியே பிதுங்கும். பிதுங்கிய தொண்டையின் மேல் கறுப்பாகச் சின்னச் சின்னப் பற்கள் திட்டுத்திட்டாக இருக்கும். எந்தத் திட்டில் எத்தனை பல், கூம்பு வடிவமா, பட்டையா என்பதை வைத்துத்தான் பேரினமே பிரியும். அந்தத் திட்டுகளுக்கு ஒன்றிலிருந்து எட்டு வரை எண் கொடுத்திருக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் ஸ்வீடனின் கின்பெரி தொடங்கிவைத்த முறை, இன்றும் அதையே பின்பற்றுகிறோம். ஆறாம் திட்டில் நீண்ட பட்டை இருந்தால் பெரிநீரிஸ். பதப்படுத்தும் தருணத்தில் தலைக்குப் பின்னால் இடுக்கியால் மெல்ல அழுத்தினால் தொண்டை வெளியே வரும். வராவிட்டால் அடிப்பக்கமாகக் கீறித் திறந்து பார்க்க வேண்டும். கை நடுங்காதவர்களுக்கு வாய்க்கும்.

ஆனால் நான் அதிகம் மல்லுக்கட்டியது மார்ஃபைசாவோடு. யூனிசிடே குடும்பம். தலையின் முன்பக்கம் இரண்டாகப் பிளந்திருக்கும்; மேலே ஐந்து நீட்சிகள். அந்தக் காலத்தில் ஐந்தையும் ஒரே சொல்லால் உணர்கொம்புகள் என்று எழுதினார்கள். இப்போது நடுவில் இருக்கும் மூன்று மட்டுமே உணர்கொம்பு, ஓரத்து இரண்டும் வேறு உறுப்பு என்று பிரித்திருக்கிறார்கள். அடுத்து வரும் வளையத்தில் மேலே ஒரு ஜோடி சிறு இழைகள் இருந்தால் யூனிஸ், இல்லாவிட்டால் மார்ஃபைசா. இவ்வளவு வரை கீ-யை நம்பலாம். குடும்பம், பேரினம் வரை அது நல்ல துணை.

உள்ளே தாடைகள். கறுப்பு நிறம், கொம்புப் பொருளால் ஆனவை. குறடு போல் வளைந்த ஒரு ஜோடி, அதன் முன்னால் பல் வைத்த தட்டுகள். அதில் ஒரு வேடிக்கை: மூன்றாவது தட்டு இடப்பக்கம் மட்டும்தான் இருக்கும், வலப்பக்கம் கிடையாது. சதை அழிந்தாலும் தாடை அழியாது. இதே மாதிரித் தாடைகள் ஆர்டோவீசியன் காலப் பாறைகளில் புதைபடிவமாகக் கிடைக்கின்றன. புழுவின் உடம்பில் நாற்பது கோடி ஆண்டுக்கு மேல் தாங்குகிற பொருள் ஒன்று இருக்கிறது என்பதை முதல் தாடையை வெட்டி எடுக்கிற நாளில் எந்த மாணவருக்கும் நான் சொல்லாமல் விடுவதில்லை.

இனம் என்று வரும்போது பார்க்க வேண்டியது செவுளும் முள்ளும். செவுள் எத்தனையாவது கண்டத்தில் தொடங்குகிறது, ஒவ்வொன்றிலும் அதிகபட்சம் எத்தனை இழை, எந்தக் கண்டத்தோடு முடிகிறது. பிறகு சதைக்கால் ஒன்றை வெட்டி கிளிசரினில் வைத்து முட்களைப் பார்க்க வேண்டும். மெல்லிய இழைமுள், இரண்டு துண்டாக மூட்டுப்போட்ட முள், தடித்த கொக்கி முள், சீப்புமுள். சீப்புமுள் என்பது தட்டையான தகட்டின் விளிம்பில் வரிசையாகப் பற்கள். சில இனங்களில் முன்கண்டங்களில் குறுகலாக, நிறைய நுண்பற்களோடு இருக்கும். பின்கண்டங்களில் அகலமாக, சில முரட்டுப் பற்களோடு இருக்கும். ஓரத்துப் பற்களில் ஒன்று நீண்டிருக்கிறதா, இரண்டும் நீண்டிருக்கிறதா என்பதும் கணக்கு. சாதாரண நுண்ணோக்கியில் நானூறு மடங்கு பெரிதாக்கினால் மங்கலாகத் தெரியும். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் தங்கப்பூச்சுப் பூசிப் பார்த்தால்தான் பல்லை எண்ண முடியும். பழைய ஆசிரியர்களில் பலர் இந்தச் சீப்புமுள்ளைக் குறிப்பிடவே இல்லை, அல்லது ‘சீப்புமுள் உண்டு’ என்று ஒரே வரியில் கடந்துவிட்டார்கள். இன்றைக்கு மார்ஃபைசா இனங்களைப் பிரிப்பதில் பாதிச் சண்டை அந்த ஒரு வரிக்குள்தான்.

இப்போது அக்காவின் கேள்வி. ஐம்பது கண்டம் உள்ள சின்னப் புழுவிலும் முந்நூறு கண்டம் உள்ள பெரிய புழுவிலும் செவுள் ஒரே இடத்தில் தொடங்குவதில்லை. இழைகளின் எண்ணிக்கையும் வளர வளரக் கூடும். கொக்கி முள் முதலில் தென்படும் கண்டமும் தள்ளிப்போகும். ஆக, ‘செவுள் 28ஆம் கண்டத்தில் தொடங்கும்’ என்று கீ சொன்னால், எந்த அளவுப் புழுவில் என்ற கேள்வி பின்னாலேயே வர வேண்டும். முழு நீளத்தை அளந்து பயனில்லை, வால் பெரும்பாலும் உடைந்தே வரும். அதனால் பத்தாவது முட்கண்டத்தின் அகலத்தை, சதைக்காலைச் சேர்க்காமல் அளந்து, அதை அளவுகோலாக வைத்துக்கொள்கிறோம். சின்னதிலிருந்து பெரியது வரை வரிசையாக அளந்தால்தான், இந்த வேறுபாடு வயதால் வந்ததா, இனத்தால் வந்ததா என்று தெரியும். ஒரே ஒரு புழுவை வைத்துக்கொண்டு இனம் சொல்கிறவரிடம் நான் வாதத்துக்குப் போவதில்லை, எழுந்து டீ குடிக்கப் போய்விடுவேன்.

இந்தியாவில் மார்ஃபைசா என்றால் நீண்டகாலம் இரண்டு பெயர்கள் புழங்கின. ஒன்று சாங்குவினியா, மற்றது கிரேவ்லியை.

சாங்குவினியாவை விவரித்தவர் ஜார்ஜ் மாண்டேகு, இங்கிலாந்தின் தென்மேற்கில் டெவன் கரையில் கிடைத்த புழுவை வைத்து, 19ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டில். பறவை பார்க்கிறவர்களுக்கு இவர் பெயர் தெரியும். குளிர்காலத்தில் நம் ஊர்ப் புல்வெளிகளுக்கு வருகிற மாண்டேகு பூனைப்பருந்து இவர் பெயரில்தான் இருக்கிறது. பருந்து கண்டம் தாண்டிப் பறந்து வரும், சரி. புழுவும் அப்படி வந்துவிட்டதாகவே உலகம் நம்பியது. ஆஸ்திரேலியா, ஜப்பான், சீனா, ஆப்பிரிக்கா, இந்தியா என்று எங்கே சிவந்த மார்ஃபைசா கிடைத்தாலும் சாங்குவினியா. ஒப்பிட்டுப் பார்க்க மாண்டேகுவின் மாதிரியும் இல்லை. 2003இல் பாட் ஹட்சிங்ஸும் கராஜியோர்கோபுலோஸும் இங்கிலாந்துக் கரையிலிருந்து புதிய ஆதார மாதிரி ஒன்றை நிறுவினார்கள். அதே கட்டுரையில், கிழக்கு ஆஸ்திரேலியாவில் சாங்குவினியா என்று அழைக்கப்பட்டுவந்த புழு தனி இனம் என்று காட்டி, மார்ஃபைசா முல்லாவா என்று பெயரிட்டார்கள். அணை அங்கேதான் உடைந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு கடற்கரையிலிருந்தும் புதிய மார்ஃபைசா வந்துகொண்டே இருக்கிறது.

இந்தக் குழப்பத்தில் நம் புத்தக அலமாரிக்கும் பங்கு உண்டு. இந்தியாவில் பாலிகீட் படித்த எவரிடமும் பியர் ஃபோவெல் எழுதிய 1953ஆம் ஆண்டுப் புத்தகத்தின் ஜெராக்ஸ் இருக்கும், ஸ்பைரல் போட்டு, ஓரம் கறுத்து. இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, பர்மா, மலாயா எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே நூல். ஃபோவெல் பிரான்சின் ஆஞ்ஜே நகரத்துப் பேராசிரியர். கல்கத்தா அருங்காட்சியகத்துப் புழுக்களைப் பற்றி 1932இலும், அதற்கு முன்பே சென்னை அருங்காட்சியகத்துப் புழுக்களைப் பற்றியும் எழுதியவர். மகா உழைப்பாளி, அதில் சந்தேகமில்லை. பிரெஞ்சுக் கடற்கரைப் புழுக்களைப் பற்றி 1923இலும் 1927இலும் அவர் எழுதிய இரண்டு தொகுதிகள் இன்றும் ஐரோப்பாவில் புழக்கத்தில் உள்ளன. பாலிகீட் இனங்கள் உலகெங்கும் பரவியவை என்பது அவர் காலத்தின் பொதுவான எண்ணம். இந்தியப் புழு பிரெஞ்சுப் புழுவிலிருந்து சற்று மாறுபட்டால், அதை இனத்துக்குள் உள்ள வேறுபாடாக எடுத்துக்கொள்வார். அவர் புத்தகத்தின் கீ-யில் இறங்கினால் நேப்பிள்ஸ், கிரீன்லாந்து, டெவன் என்று தூரத்துக் கடற்கரைகளைச் சுற்றிவரலாம். அதை மறுத்துப் பேசிய அமெரிக்காவின் ஓல்கா ஹார்ட்மன் போன்றவர்களின் எழுத்து நம் ஆய்வகங்களுக்கு வந்து சேரவில்லை, வந்தாலும் கீ-யாகப் பயன்படவில்லை. ஃபோவெலுக்குப் பிறகு டே என்பவர் 1967இல் எழுதிய தென்னாப்பிரிக்கப் புழுக்களின் நூல் வந்தது. நல்ல படங்கள், எளிய கீ. அதனால் தென்னாப்பிரிக்கப் பெயர்களும் நம் சேற்றில் குடியேறின. ஃபோவெல் மேல் எனக்குக் கோபமில்லை. 1953இல் எழுதிய புத்தகத்தை வேதமாக வைத்துக்கொண்டது அவர் செய்த குற்றமா?

கிரேவ்லியையின் கதை இன்னும் நெருக்கமானது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த கிரேவ்லி, மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவு உயிரினங்களைப் பற்றிய 1927ஆம் ஆண்டுத் தொகுப்பில் பாலிகீட் பகுதியை எழுதியவர். அவர் பெயரை இந்த மார்ஃபைசாவுக்கு வைத்தவர் ரோலண்ட் சதர்ன், 1921இல், சில்கா ஏரிப் புழுக்களைப் பற்றிய நீண்ட கட்டுரையில். ஆனண்டேலும் கெம்ப்பும் சில்காவில் நடத்திய பெரிய ஆய்வின் புழுக்கள் அவரிடம் போயிருந்தன. சதர்னின் விவரிப்பு அந்தக் காலத்துக்கு வெகு நுட்பமானது. நம் கழிமுகங்களின் நீரிஸ் குடும்பத்துப் புழுக்களுக்கும் இன்றுவரை அதைத்தான் முதலில் புரட்டுகிறேன்.

பிறகு சென்னையில் கோபால ஐயர் இந்தப் பக்கத்து உவர்நீர் மார்ஃபைசாவின் இனப்பெருக்கத்தை ஆராய்ந்து 1931இல் வெளியிட்டார். முட்டைகள் தண்ணீரில் சிதறாமல், சேற்றில் நட்டுவைத்த கூழ்ப்பைக்குள் வளர்கின்றன என்பதைப் படிப்படியாகக் காட்டிய கட்டுரை. வற்றத்தின்போது அந்தக் கூழ்ப்பைகளை நீங்களும் பார்த்திருக்கலாம், கண்ணாடி மாதிரித் தெளிவாகச் சேற்றின்மேல் நிற்கும். அடுத்து வந்தவர்களும் கிரேவ்லியை என்ற பெயரிலேயே தொடர்ந்தார்கள். தமிழகக் கழிமுகத்தில் மார்ஃபைசா கிடைத்தால் அது கிரேவ்லியை என்பது கேள்விக்கு அப்பாற்பட்டதாகிவிட்டது. இறாலுக்குத் தீவனமாகப் போனதும் அந்தப் பெயரில். இறாலைக் கொல்லும் வெள்ளைப்புள்ளி வைரஸ் இந்தப் புழு வழியாகத் தாய் இறாலுக்குப் போகக்கூடும் என்று 2005இல் வந்த ஆய்வும் இந்த மார்ஃபைசாக்களை வைத்துத்தான்.

2020இல் ஹட்சிங்ஸ், லவேஸ்க் முதலியோரும் இந்திய ஆய்வாளர்களும் சேர்ந்து, தென்னிந்தியக் கழிமுகத்து மார்ஃபைசாவைப் புதிய இனமாக விவரித்தார்கள். மார்ஃபைசா மத்ராசி. சென்னைக்காரப் புழுவுக்குச் சென்னையின் பழைய பெயர். கூடவே, இந்தியப் பகுதியிலிருந்து முன்பு பதிவான மார்ஃபைசாக்களையும் ஒரு சுற்று பரிசீலித்திருந்தார்கள். அந்தக் கட்டுரை வந்த அன்று என்னிடமிருந்த பழைய குப்பிகளின் பட்டியலை எடுத்து, கிரேவ்லியை என்று எழுதியிருந்த ஒவ்வொன்றுக்கும் எதிரே பென்சிலால் கேள்விக்குறி போட உட்கார்ந்தோம். பெயரை அடித்து மத்ராசி என்று எழுதிவிடலாமே என்றார் ஒரு மாணவர். கூடாது. அப்படிச் செய்தால் பழைய பெயரைக் கண்ணை மூடிக்கொண்டு ஒட்டிய அதே வேலையைப் புதிய பெயரால் செய்கிறோம். ஒவ்வொரு குப்பியிலும் சீப்புமுள்ளைப் பார்த்த பிறகுதான் பேச்சு.

பெயரில் என்ன இருக்கிறது, இறால் சாப்பிட்டால் சரி என்று பொரிப்பகத்துக்காரர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். புழுவைச் சேற்றிலிருந்து வாங்கும்வரை அவருக்குப் பெயர் தேவையில்லை. தொட்டியில் வளர்க்க முனைந்தால் தேவை. கூழ்ப்பையில் முட்டை வைக்கும் இனமா, தண்ணீரில் சிதறவிடும் இனமா, எவ்வளவு உப்பு தாங்கும் என்பதெல்லாம் இனத்துக்கு இனம் மாறும். வேறு நாட்டுக் கட்டுரையில் சாங்குவினியா என்று போட்டிருக்கும் வளர்ப்பு முறையை இங்கே கொண்டுவந்து தொட்டி கட்டினால், செலவு மட்டும் மிஞ்சும்.

புழு பயணம் செய்வதும் உண்டு. பிரான்சின் ஆர்காஷோன் விரிகுடாவில் மார்ஃபைசா விக்டோரி என்ற இனத்தை லவேஸ்க் குழுவினர் 2017இல் விவரித்தார்கள். மறு ஆண்டு சீனக் கரையிலிருந்து மார்ஃபைசா புல்லா என்ற இனம் விவரிக்கப்பட்டது. 2020இல் பார்த்தால் இரண்டும் ஒன்று. பிரான்சில் இருந்தது வெளிநாட்டிலிருந்து வந்த புழு. அதன் சொந்த ஊர் கிழக்கு ஆசியா. ஆனாலும் விதிப்படி முதலில் வந்த பெயரே நிற்கும். ஆகவே ஆசியப் புழு, வந்தேறிய ஊரில் சூட்டிய பெயரோடு வாழ்கிறது. இதை மரபணு ஒப்பீடும் சேர்ந்து உறுதிசெய்தது. மரபணு வந்த பிறகு உருவம் பார்ப்பவர்களுக்கு வேலை போய்விடும் என்று சொன்னவர்கள் உண்டு. எனக்கு வேலை கூடியிருக்கிறது. மரபணுத் தரவுத்தளத்தில் ஒரு வரிசைக்குச் சாங்குவினியா என்று யாரோ பெயர் கொடுத்துப் போட்டிருக்கிறார். அவர் எந்தக் கீ-யில் இறங்கி அந்தப் பெயரை எடுத்தார் என்று கண்டுபிடிக்க யாராவது வேண்டும். மாதிரியைப் பாதுகாத்து வைத்திருந்தால் கண்டுபிடிக்கலாம். அரைத்துக் கரைத்துவிட்டால் முடிந்தது.

இதெல்லாம் தெரிந்த பிறகு, சந்தேகமான புழுவுக்கு ‘மார்ஃபைசா எஸ்பி’ என்று எழுதுவதுதான் நேர்மை. இன்ன பேரினம், இனம் இன்னும் தெரியவில்லை என்று பொருள். ஆனால் ஒப்பந்தத்துக்கு வேலை செய்கிற ஆலோசனைக் கூடங்களுக்கு எஸ்பி பிடிக்காது. ஒரு முறை நான் கொடுத்த பட்டியலில் எஸ்பி அதிகம் என்று திருப்பி அனுப்பினார்கள். ‘முழுமையான பெயர்களோடு’ வேண்டுமாம். நான் மாற்றவில்லை. வேறொருவரிடம் போனார்கள், முழுமையான பெயர்களோடு அறிக்கை வந்தது. அதில் சாங்குவினியா இருந்தது, கேப்பிடேட்டாவும் இருந்தது. தெரியாததைத் தெரியாது என்று எழுதிய பட்டியல் அரைகுறையாகவும், அத்தனைக்கும் பெயர் வைத்த பட்டியல் திறமையாகவும் தெரிவது இந்தத் துறையின் சாபம். அப்படிப்பட்ட பட்டியல்களைக் கூட்டித்தான் எந்தக் கடற்கரையில் எத்தனை இனம் என்று கணக்குச் சொல்கிறார்கள். கடலில் வாழும் உயிர்களின் எண்ணிக்கையை அந்தக் கணக்கு குறைத்தே காட்டும். ஒரு பெயருக்குள் ஆறு புழு ஒளிந்திருந்தால் ஐந்து புழு கணக்கில் வராது. அழிந்தாலும் தெரியாது.

இப்போது மாணவர்களுக்கு நான் வைத்திருக்கும் ஒழுங்கு இதுதான். கீ-யில் இறங்கிப் பெயர் கிடைத்ததும், அந்தப் பெயரை முதலில் விவரித்த மூலக் கட்டுரையை எடு. ஒரு காலத்தில் இதற்குக் கல்கத்தாவுக்குக் கடிதம் எழுதிக் காத்திருக்க வேண்டும். இன்று பழைய ஆய்வேடுகளில் பெரும்பகுதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, அதனால் சாக்குச் சொல்ல முடியாது. புழு எந்தக் கடலில் பிடிபட்டது என்று பார். நம் கடலாக இல்லாவிட்டால் சந்தேகப்படு. பிறகு அந்தப் பெயரை யார், எப்போது மறுபடி ஆராய்ந்தார் என்று தேடு. விவரிப்பும் கையில் உள்ள புழுவும் எந்த இடத்தில் ஒத்துப்போகவில்லையோ அந்த இடத்தைப் படமாக வரை. ஒத்துப்போகிற இடங்களைச் சொல்லி மயங்காதே. ஐந்து உணர்நீட்சிகளும் சிவந்த செவுளும் எல்லா மார்ஃபைசாவுக்கும் உண்டு.

லேபிளில் பெயர் கடைசியாக வரட்டும் என்பது என் பிடிவாதம். முதலில் இடம், அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி, சேறா மணலா, உப்பின் அளவு, பிடித்தவர், எத்தனை புழு. தண்ணீரில் கரையாத மையில், கனமான காகிதத்தில், குப்பிக்கு உள்ளேயே போட வேண்டும். வெளியே ஒட்டினால் ஆல்கஹால் பட்டு ஒரு மழைக்காலத்தில் உரிந்துவிடும். பெயர் தப்பாக இருந்தால் எவராவது திருத்திக்கொள்வார். இடம் இல்லாத குப்பியை எவராலும் ஒன்றும் செய்ய முடியாது.

அடுத்து சில்காவுக்குப் போக வேண்டியிருக்கிறது. சதர்ன் விவரித்த ஏரியில், அந்தப் புழுவைத் தேடி, மயக்கி, ஒரு துண்டை எத்தனாலிலும் மீதியை ஃபார்மலினிலும் எடுத்துவந்தால்தான் வெள்ளாற்றுப் புழுக்களோடு நேருக்குநேர் வைத்துப் பார்க்கலாம். வனத்துறை அனுமதிக்கு எழுதியாகிவிட்டது. கூட வருகிற மாணவியிடம் பொருட்களின் பட்டியல் கொடுத்திருக்கிறேன்: மெக்னீசியம் குளோரைடு, இரண்டு அளவுச் சல்லடை, எத்தனால் குப்பிகள், பென்சில். பெரிய புழுவாகப் பார்த்துப் பிடிக்காதே, பத்தாம் கண்டத்தில் ஒரு மில்லிமீட்டர் அகலம் உள்ளதும் வேண்டும் என்று சொன்னேன். “அவ்வளவு சின்னது எதுக்கு சார்?” என்றாள்.